பேனலா, கேபிளா, வேறு லேப்டாப்பா? பழைய மெஷினில் திரும்பத் திரும்ப வரும் திரைக் கோளாறு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வகுப்புகளுக்கு லேப்டாப் வருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ஏதாவது ஓர் அலுவலகம் புதிய மெஷின்கள் வாங்கும். பழையவற்றில் நாலைந்து கோயில் மண்டபத்துக்கு வந்து சேரும். எல்லாம் ஏழெட்டு வருடம் உழைத்தவை. சாட்ஸ்வர்த்தில் நான் உதவிக்குப் போகும் வகுப்பிலும் அப்படித்தான். பேட்டரி போவது எல்லோரும் எதிர்பார்ப்பது. தலைவலி தருவது திரை. மினுக்கும், கோடு விழும், திடீரென்று இருண்டுபோகும். கடைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கோளாறு.

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வகுப்புக்கும் அப்போதுதான் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்: படம் தெரியும் பேனலை மாற்றுவதா, அதை மதர்போர்டோடு இணைக்கும் கேபிளை மாற்றுவதா, வெளியே ஒரு மானிட்டரை மாட்டி ஓட்டுவதா, இதை விட்டுவிட்டு வேறொன்று வாங்குவதா? எது மலிவு என்ற கேள்வியில் தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. கெட்டது எந்தப் பாகம் என்று தெரிந்த பிறகுதான் மலிவு பற்றிப் பேசவே முடியும். போய்ப்போய் வரும் கோளாறு என்றால் என் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். கடைகளில் முதலில் சொல்வதோ பேனல்.

கடையில் ஏன் பேனல் என்கிறார்கள்?

பெரும்பாலான 15.6 அங்குல லேப்டாப்புகளில் பேனலை மாற்ற, திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்தால் போதும். உள்ளே நாலு திருகு, ஒரு கனெக்டர். கைப்பழக்கம் உள்ளவருக்குக் கால் மணி நேர வேலை. கேபிள் அப்படியல்ல. ஒரு முனை பேனலின் முதுகில் இருக்கிறது, மறுமுனை மதர்போர்டில் இருக்கிறது, நடுவில் கீலுக்குள் நுழைந்து போகிறது. அடிமூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, சில மாடல்களில் கீபோர்டையும் ஃபேனையும் எடுத்து, கீல்களையும் விடுவித்தால்தான் அதை உருவ முடியும். பாகத்தின் விலை பேனலில் ஒரு சிறு பங்குதான். உழைப்பு அதைவிடப் பல மடங்கு. கடைக்காரருக்கு எது வசதி என்று சொல்லவேண்டியதில்லை.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. பேனலை மாற்றியதும் திரை உண்மையிலேயே சரியாகிவிடுகிறது, சிக்கலே அதுதான். மாற்றும்போது கனெக்டரைப் பிடுங்கித் திரும்பக் குத்துகிறார்கள். கேபிள் கொஞ்சம் நகர்ந்து வேறொரு வளைவில் உட்காருகிறது. முறியத் தொடங்கிய இழை மறுபடி தொட்டுக்கொள்கிறது. படம் பளிச்சென்று வரும், நாமும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சில வாரம் மூடித் திறந்தபின் இழை பழையபடி விலகும். அப்போது பழி புதுப் பேனல் மேல் விழும்: ‘டூப்ளிகேட் போட்டுட்டான்’ என்று.

கேபிள் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கீல். வயதான கீல் இறுகும். பிள்ளைகள் மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறப்பார்கள். கீல் திருகுகள் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் தூண்களில் விரிசல் விழும். அதன்பின் கீல் தன் இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு முறையும் கேபிளை நெருக்கும். கீலைப் பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் புதுக் கேபிளும் அதே வழியில்தான் போகும். டர்பனில் இன்னொரு தொல்லையும் உண்டு. மெர்பேங்க், ப்ளஃப் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று; கோடையில் புழுக்கம் வேறு. கனெக்டர் ஊசிகளில் மங்கல் படிந்து இணைப்பு விட்டுவிட்டு வரும். இது மட்டும்தான் காரணம் என்றால், 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினாலே போதும். எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

கேபிள் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஆப்பிள் கதையைச் சொல்லலாம். 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவில், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிள், மூடியைத் திறக்கும்போதெல்லாம் இழுபட்டுத் தேய்ந்தது. முதலில் திரையின் அடிப்பகுதியில் மேடை விளக்கு மாதிரி ஒளித் திட்டுகள் தெரியும். பிறகு மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தாலே திரை அணையும். 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. 2018 மாடலைப் பிரித்துப் பார்த்தபோது அதே கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 2016 மாடலில் கேபிள் திரையோடு சேர்ந்தே வருவதால் திரை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே கேபிளைத் தனியாக மாற்றலாம் என்று நான் சொல்வது, கேபிள் தனியாகக் கிடைக்கும் மெஷின்களுக்குத்தான். அலுவலகங்களிலிருந்து வரும் சாதாரண விண்டோஸ் லேப்டாப்புகளில் அநேகமாகக் கிடைக்கும்.

காசு செலவழிக்கும் முன்

வகுப்பு நடத்தும் அக்கா ஒருமுறை சொன்ன ஒரே வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது: “தம்பி, மூடிய இப்படிச் சாச்சா கோடு வருது, நிமித்துனா போயிடுது.” கோணம் மாறும்போது கோளாறும் மாறினால் கேபிள், இல்லாவிட்டால் கனெக்டர். இதைவிட நம்பத்தக்க சோதனை எனக்குத் தெரியாது. மூடியை மெதுவாக, முழு வீச்சுக்கும் அசைத்துப் பாருங்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரை மொத்தமாக அணைந்து, அதைத் தாண்டியதும் மறுபடி வந்தால் அவசரப்பட வேண்டாம். மூடியிருக்கிறதா என்று அறியும் காந்த சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறது. அதுவும் இப்படிச் செய்யும். காந்தம் வைத்த போன் உறையைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, திரை போய்விட்டது என்று பதறியவர்களும் உண்டு.

எந்தக் கோணத்திலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடு வேறு வகை. பேனலின் கண்ணாடியும் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சர்க்யூட் பட்டையும் பிரியத் தொடங்கியிருக்கும். சட்டத்தை லேசாக அழுத்தினால் கோடு மறைந்து மறைந்து வரும். இது பேனலின் நோய்தான். வீட்டு வைத்தியம் கிடையாது. அழுத்தினால் சரியாகிறதே என்று உள்ளே அட்டைத் துண்டைச் செருகி வைப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் கண்ணாடியே உடையும்.

படம் இருக்கிறதா, வெளிச்சம் மட்டும் போய்விட்டதா என்று பார்க்க, இருட்டறையில் டார்ச் அடித்தால் போதும். மங்கலாக எழுத்து தெரிந்தால் பேக்லைட் சார்ந்த பிரச்சினை.

அடுத்தது எச்டிஎம்ஐ வழியாக டிவியில் மாட்டிப் பார்ப்பது. டிவியிலும் அதே கோடு விழுந்தால் பேனலையும் கேபிளையும் விடுங்கள், கிராஃபிக்ஸ் பக்கம் கோளாறு. டிவி இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கோடு பதிந்திருந்தால் அது படம் உருவாகும் இடத்திலேயே வந்தது. பதியாவிட்டால் பெரும்பாலும் பேனலோ, பேனலுக்குப் போகும் வழியோதான்.

விண்டோஸைச் சந்தேகித்தால், விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் மினுக்கினால் விண்டோஸ் குற்றமற்றது. டெல் லேப்டாப்புகளில் டி விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்டினால் திரை சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று தானே சோதித்துக்கொள்ளும். பழைய மெஷின்களை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். பயாஸில் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் மினுக்கினால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். அதுவும் சேர்ந்து மினுக்கினால் காரணம், திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி. சார்ஜர் இல்லாதபோது மட்டும் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைந்தால் இன்டெல் கிராஃபிக்ஸின் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துப் பாருங்கள். பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற இன்னொரு மின்சேமிப்பு அமைப்பும் உண்டு, அதையும். சார்ஜர் இருக்கும்போது மட்டும் என்றால் வேறு சார்ஜர். மூன்று உருண்டைக் கால் பிளக்குக்கும் லேப்டாப் சார்ஜருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் அடாப்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒப்பிடலாம்

சாஃப்ட்வேர் காரணம் என்றால் செலவே இல்லை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கேபிளும் பேனலும் எதிரெதிரே நின்றால், கோணச் சோதனை சொல்வதைத்தான் கேட்பேன். கேபிள் என்றால் கேபிள், அதோடு கீலும். கடைக்காரர் தயங்கினால் வேறு கடை. டர்பன் நகரத்துக்குள் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் ரிப்பேர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே மாடலில் நாலைந்து மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: மதர்போர்டு செத்த ஒன்றை வீசாமல் வைத்துக்கொண்டு அதன் கேபிளையும் கீலையும் எடுப்பது. ஆனால் அதுவும் வயதான கேபிள்தான். அதனால் நான் கீலை மட்டும் பழையதிலிருந்து எடுத்துவிட்டு, கேபிளைப் புதிதாக வாங்கச் சொல்வேன்.

பேனல்தான் கெட்டது என்று உறுதியானால், வாங்குவதில் கவனம் வேண்டும். லேப்டாப் மாடல் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே இரண்டு மூன்று நிறுவனங்களின் பேனல் போட்டிருப்பார்கள். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். என்156 என்று தொடங்கினால் இன்னோலக்ஸ், பி156 என்றால் ஏயூஓ, எல்பி156 என்றால் எல்ஜி. அப்புறம் கனெக்டர். மதர்போர்டு பேனலுக்குப் படம் அனுப்பும் முறையைப் பொறுத்து அது மாறும்: பழைய எல்விடிஎஸ் வகைக்கு 40 ஊசி, அடுத்து வந்த சாதாரண இடிபி வகைக்கு 30 ஊசி, இடிபியிலேயே தொடுதிரைகளுக்கு 40 ஊசி இருப்பதும் உண்டு. ஒன்றை ஒன்றில் மாட்ட முடியாது. 1366×768 இருந்த இடத்தில் 1920×1080 போடலாமே என்று ஆசை வரும். தமிழ் எழுத்துக்கு அது பெரிய வரம்தான். குறைந்த பிக்சல் திரையில் சிறிய எழுத்தின் தலைமேல் ஒரு செத்த பிக்சல் நின்றால் பிள்ளைகள் அதைப் புள்ளி என்றே படிக்கிறார்கள். ஆனால் பழைய கேபிளில் அதற்கு வேண்டிய இழைகளே இல்லாமல் இருக்கலாம். அப்போது கேபிளும் சேர்த்து மாற்ற வேண்டும், கணக்கு மாறிவிடும்.

நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று: திரை கனெக்டரைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேக்லைட்டுக்கான மின்சாரமும் டேட்டாவும் அதே கனெக்டரில் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. மின்சாரம் இருக்கும்போது சாய்வாக இழுத்தால் போர்டில் உள்ள பேக்லைட் ஃப்யூஸ் போய்விடும். அதன்பின் புதுப் பேனலும் இருட்டாகத்தான் இருக்கும்.

வெளி மானிட்டரைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஆனால் மண்டபத்தில் ஒரே மேசையில் இருக்கும் மெஷினுக்கு இது நல்ல வழி என்பேன். பழைய அலுவலக மானிட்டர்கள் மலிவு, திரை பெரிது, பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். உள் திரையை அணைத்து, மூடியை மூடினாலும் ஓடும்படி செட்டிங்கை மாற்றிவிட்டால் கேபிள் பற்றிக் கவலையே இல்லை. கீல் பக்கம் சூடான காற்று வெளியேறும் மாடல் என்றால் மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இதில் உள்ள குறை, கரண்ட் விஷயத்தில்தான். லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023-இல் இந்த யோசனையை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் லோட் ஷெட்டிங் இல்லை. 2025 தொடக்கத்தில் மறுபடி தலைகாட்டியது. மண்டபத்தில் இன்வெர்ட்டர் இருந்தால் மானிட்டர் சரி. இல்லாவிட்டால் வகுப்பு நடுவில் நிற்கும் என்பதற்குத் தயாராக இருங்கள்.

கிராஃபிக்ஸ் சிப்பையே சூடாக்கிச் சரிசெய்வதாகச் சொல்பவர்களிடம் போகவேண்டாம். 2008-இல் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளின் கோளாறுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. சிப்புக்கு அடியில் இருந்த நுண்ணிய இணைப்புகள் சூடாகி ஆறி ஆறி விரிசல் விட்டிருந்தன. அப்போது பரவியதுதான் இந்தச் சூடாக்கும் வித்தை. சில வாரம் உயிர் வரும். திரும்பத் திரும்ப வரும் கோளாறைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பேசுகிறோம்.

வேறு லேப்டாப் எப்போது?

இதைத் தீர்மானிப்பது திரை அல்ல, ப்ராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது; வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். ஐ5-7200யு என்று ஸ்டிக்கரில் இருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. இந்த ஒரு எண் வித்தியாசத்தில் என் பதில் மாறும். எட்டு என்றால் பேனலுக்கும் செலவழிக்கலாம். ஏழும் அதற்குக் கீழும் என்றால் கேபிள் வரைக்கும் போவேன், பேனலுக்குப் போகமாட்டேன். அந்த மெஷினில் லினக்ஸ் போட்டு மானிட்டரோடு வைத்துவிடலாம். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது, வகுப்புக்கு அது தாராளம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தென்னாப்பிரிக்காவில் நமக்கு ஒரு பலம் உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு: வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பது வாங்கியவர் விருப்பம். அவர்கள் பழுதுபார்த்துத் தந்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால், அதன்பின் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். இன்னொரு முறை ரிப்பேர் என்று இழுக்க முடியாது. பழைய பொருளுக்கும் இது செல்லும். ஆனால் ‘இந்தத் திரையில் கோடு இருக்கிறது’ என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் கோட்டைக் காட்டிப் பேச முடியாது. ஏலத்தில் எடுத்ததற்கும், வியாபாரி அல்லாத ஒரு தனி ஆள் விற்றதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இணையத்தில் யாரோ விற்கும் லேப்டாப் கடையைவிட மலிவாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ரிப்பேருக்கும் இதே சட்டத்தில் இடமுண்டு. 57-ஆம் பிரிவின்படி, மாட்டிய பாகத்துக்கும் அதை மாட்டிய உழைப்புக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம். 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய பழைய பாகத்தைத் தனியாக வைத்திருந்து, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் தவிர, திருப்பித் தர வேண்டும். பழைய பேனலை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்துச் சுத்தமாக ஓடினால், கெட்டது பேனல் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உண்மையிலேயே கெட்ட பேனல் என்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 23 முதல் மின்னணுக் கழிவை நிலக்குப்பையில் கொட்ட இங்கே தடை இருக்கிறது, எல்இடி வருவதற்கு முந்தைய பேனல்களின் விளக்குக் குழாயில் பாதரசமும் உண்டு.

சரி, வகுப்புக்கு என்ன செய்யப்போகிறோம்? கோணம் மாறினால் கோடு வரும் எட்டாம் தலைமுறை மெஷினுக்குக் கேபிளும் கீலும். அசையாத செங்குத்துக் கோடு விழுந்த ஏழாம் தலைமுறை மெஷினுக்கு லினக்ஸும் பழைய மானிட்டரும். இன்வெர்ட்டர் பிளக்குக்குப் பக்கத்து மேசை அதற்கு. டிவியிலும் கோடு காட்டிய மெஷின் உதிரிபாகத்துக்கு. அதற்குப் பதிலாக ஒன்று வாங்கத்தான் வேண்டும். கடையில்தான் வாங்குவோம், பணத்தைக் கொடுக்கும் முன் மூடியை முழு வீச்சுக்கும் அசைத்துப் பார்த்துவிட்டு. ரிப்பேர் பில்லில் வெறுமனே ‘ஸ்கிரீன் ரிப்பேர்’ என்று எழுத விடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வந்த கோளாறு என்ன, மாற்றியது எந்தப் பாகம், அதன் எண், தேதி, நான்கும் இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் திரும்பிப் போய்ப் பேச முடியும்.